விளையாடும்போது கடிப்பதும் தொட்டால் கடிப்பதும் ஒன்றல்ல

உங்கள் லாப்ரடார் குட்டிக்குப் பதினொரு வாரம். விளையாடினால் கையையும் கணுக்காலையும் கவ்வுகிறது, லுங்கி, நைட்டி எது கிடைத்தாலும் பிடித்துத் தொங்குகிறது. காது துடைக்கவோ உண்ணி பார்க்கவோ சீப்பு போடவோ போனால் திரும்பிக் கடிக்கிறது. யாரோ சொன்னார்கள் என்று மூக்கில் தட்டிப் பார்த்தீர்கள், கடி கூடிவிட்டது. ஏழு வயது மகன் சோபாவை விட்டு இறங்க மாட்டேன் என்கிறான். "கடிப்பதை எப்படி நிறுத்துவது?" என்ற ஒரே கேள்வியாக இதைக் கேட்டிருக்கிறீர்கள். உண்மையில் இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இது ஆக்ரோஷக் குணமா, விளையாட்டுக் கடிக்கு என்ன செய்வது, தொட்டால் கடிப்பதற்கு என்ன செய்வது. பின்னிரண்டும் ஒன்றுதான் என்று நினைத்து இரண்டுக்கும் ஒரே வைத்தியம் பார்க்கும் வீடுகளில்தான் நாய்க்கு ஒரு வயதாகியும் காது துடைக்க மூன்று பேர் அமுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கிறது. நாய்ப் பயிற்சிதான் என் தொழில். அந்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன். குட்டியை நேரில் பார்க்காமல் சொல்ல முடியாதவை எவை என்பதையும் அந்தந்த இடத்திலேயே குறிப்பிடுகிறேன்.

முதல் கேள்விக்குப் பதில்: இந்த வயதில், நீங்கள் எழுதியிருக்கும் விதத்தில், ஆக்ரோஷமாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. மூன்றாவது வாரத்தில் முளைக்கத் தொடங்கும் பால்பற்கள் 28-ம் எட்டு வாரத்துக்குள் வந்துவிடும். தாடையில் பலம் இருக்காது, அதற்குப் பதில் பல் அத்தனை கூர்மை. எவ்வளவு அழுத்தினால் அடுத்தவருக்கு வலிக்கும் என்ற கணக்கைக் குட்டி கற்றுக்கொள்வது தாயிடமும் கூடப்பிறந்தவைகளிடமும்தான். ஒன்று பலமாகக் கடித்தால் மற்றது விளையாட்டை விட்டுவிட்டுப் போய்விடும். இதில் பெரும்பகுதி ஐந்தாவது வாரத்துக்கும் எட்டாவது வாரத்துக்கும் இடையில் நடக்கிறது. நம் ஊரில் முப்பது, முப்பத்தைந்து நாளிலேயே அட்டைப் பெட்டியில் போட்டுக் குட்டியைக் கொடுத்துவிடுகிறார்கள். எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ல் மத்திய அரசு கொண்டுவந்த நாய் வளர்ப்பு, விற்பனை விதிகள் சொல்கின்றன, இருந்தும் நடக்கிறது. உங்களுடையது எத்தனை நாளில் வந்தது என்று நீங்கள் எழுதவில்லை. சீக்கிரம் பிரித்த குட்டியாக இருந்தால் அந்தப் பாடத்தை நீங்கள்தான் முதலிலிருந்து நடத்த வேண்டியிருக்கும். கூடுதலாகச் சில வாரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

விளையாட்டா நிஜமா என்று பார்க்க, கடிக்கும் நொடியை விட்டுவிட்டு அதற்கு முந்தைய நொடியைக் கவனியுங்கள். விளையாட்டு என்றால் உடம்பு தளர்வாக இருக்கும், பின்பக்கம் தூக்கி முன்கால் தாழ்த்தி நிற்கும், பாய்ந்துவிட்டுப் பின்வாங்கும், உறுமல்கூட ஏறி இறங்கிச் சத்தமாக இருக்கும். நிஜமான எச்சரிக்கை அமைதியாக வரும். குட்டி அப்படியே உறைந்து நிற்கும், வாய் மூடிவிடும், தலை திரும்பாமல் கண் மட்டும் திரும்பி ஓரத்தில் வெள்ளை தெரியும், உறுமல் தாழ்ந்து ஒரே சீராக வரும். சோற்றுத் தட்டின் மேலோ எலும்பின் மேலோ இப்படி உறைந்தால், இந்தப் பதிலில் இருப்பதை வைத்துச் சமாளிக்காமல் நேரில் ஒருவரிடம் காட்டுங்கள்.

மூக்கில் தட்டியதும் ஏன் கூடியது? முகத்துக்கு நேரே வேகமாக வரும் கை குட்டிக்கு இரண்டில் ஒன்றாகத்தான் புரியும். ஒன்று, மல்லுக்கட்டும் விளையாட்டு, அப்படியானால் இன்னும் பலமாகக் கடிக்கும். இல்லையேல், ஆபத்து, அப்படியானால் தன்னைக் காத்துக்கொள்ளக் கடிக்கும். வாயைப் பொத்திப் பிடிப்பது, தொண்டைக்குள் விரலை விடுவது, மல்லாக்கப் புரட்டி அமுக்குவது எல்லாம் இதே வகைதான். "யார் எஜமான் என்று காட்ட வேண்டும்" என்ற பழைய கருத்திலிருந்து வந்தவை இவை. அமெரிக்கக் கால்நடை நடத்தையியல் மருத்துவர் சங்கம் 2021-ல் வெளியிட்ட அறிக்கை, பயிற்சியில் தண்டனைக்கு இடமில்லை, வெகுமதி முறைகளே போதும் என்று வெளிப்படையாகச் சொல்கிறது. இந்த இடத்தில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தட்டிய கைதான் நாளைக்குக் காதில் சொட்டு மருந்து ஊற்றப் போகும் கை. உறுமியதற்காக அடிபட்ட நாய் உறுமுவதை விட்டுவிடும், பயத்தை விடாது. அப்புறம் எச்சரிக்கையே இல்லாமல் கடிக்கும்.

இனி விளையாட்டுக் கடி. குட்டிக்கு ருசியான பொருள் எது? அசைவது. கை அசைகிறது, கணுக்கால் அசைகிறது, தரையில் கிடக்கும் பத்து பொம்மைகள் அசையவில்லை. இதை அப்படியே திருப்பிப் போட வேண்டும். பழைய பருத்தி வேட்டியை நீளவாக்கில் கிழித்து மூன்று பட்டையாகப் பின்னி, இரு முனையிலும் இறுக்கி முடிச்சுப் போடுங்கள். குறைந்தது இரண்டடி நீளம் இருக்கட்டும். ஒரு சாண் பொம்மை என்றால் பல் வழுக்கி விரலில்தான் வந்து நிற்கும். நூல் பிரியத் தொடங்கினால் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பின்னுங்கள், விழுங்கிய நூல் குடலைச் சுருட்டிவிடும். அறைக்கு ஒன்றாகக் கைக்கெட்டும் உயரத்தில் தொங்கவிடுங்கள், தேடிக் கண்டுபிடிப்பதற்குள் கடி முடிந்துவிடும். விளையாடும்போது குட்டியின் முகத்துக்கு நேரே ஆட்டாமல், தரையோடு தரையாகக் குட்டியை விட்டு விலகி ஓடுவது போல இழுங்கள். முக்கியமாக, பொம்மை கடிக்கு முன்னால் வர வேண்டும். கடித்த பிறகு நீட்டினால், கையைக் கடித்தால் பொம்மை வரும் என்று சில குட்டிகள் கற்றுக்கொள்ளும்.

அப்படியும் தோலில் பல் பட்டால் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். வீடுகளில் நான் பார்க்கும் நீளக் கீறல்களில் பலவும் குட்டி கடித்ததால் வந்தவை அல்ல, நாம் இழுத்ததால் வந்தவை. கையை அப்படியே விறைப்பில்லாமல் நிறுத்துங்கள். விட்டுவிட்டதா, உடனே விளையாட்டு கயிற்றோடு தொடரட்டும். விடவில்லையா, அல்லது மறுபடி பாய்கிறதா, ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து தடுப்புக்கு அந்தப் பக்கம் போய்விடுங்கள். கதவு வழியில் முழங்கால் உயரப் பலகை ஒன்று போதும். பதினைந்திலிருந்து இருபது விநாடி. திரும்பி வந்து ஒன்றும் நடக்காதது போல ஆரம்பியுங்கள். தொடர்ந்து மூன்று முறை இப்படிப் போக வேண்டி வந்தால் குட்டிக்கு விளையாட்டு போதும், தூக்கம் வேண்டும் என்று அர்த்தம். தடுப்பு போட வசதியில்லையென்றால், ஹார்னஸ் (மார்பைச் சுற்றிப் போடும் பட்டை) போட்டு ஐந்தடிச் செயினில் கட்டில் காலில் கட்டிவிட்டு அதன் எட்டுக்குள் உட்கார்ந்து விளையாடலாம். கடித்தால் இரண்டடி பின்னால் நகர்ந்தாலே போதும். கட்டிவிட்டு ஆளில்லாமல் மட்டும் விடாதீர்கள், சுற்றி நெரித்துக்கொள்ளும்.

இந்த முறை தோற்றுப்போகும் இடங்கள் எனக்கு மனப்பாடம். "நோ, நோ, எத்தனை தடவை சொல்றது" என்று பேசிக்கொண்டே எழுந்து போவது முதலாவது. அந்தப் பேச்சே குட்டிக்குக் கவனிப்புதான். ஐந்து நிமிடம் தனியே விடுவது இரண்டாவது. ஒரு நிமிடம் தாண்டினால் எதற்காகப் போனீர்கள் என்பது குட்டிக்கு மறந்துவிடும், அழுவதற்கு மட்டும் கற்றுக்கொள்ளும். மூன்றாவது, குட்டியைத் தூக்கிக்கொண்டு போய் அறையில் அடைப்பது. தூக்கும்போது இன்னொரு கடி வாங்குவீர்கள், கை வந்தால் சிறை என்றும் அது புரிந்துகொள்ளும். போக வேண்டியது நீங்கள்தான். இதையெல்லாம்விட மோசமானது, வீட்டில் ஒருவர் மட்டும் வெறுங்கையால் மல்லுக்கட்டி விளையாடுவது. பெரும்பாலும் அது அப்பாவாகவோ மாமாவாகவோ இருக்கும். "எனக்கு வலிக்கல" என்பார். வலிக்கப்போவது பையனுக்கு. இன்னொன்று, எல்லாரும் ஒழுங்காகச் செய்ய ஆரம்பித்த முதல் சில நாட்களில் கடி குறையாமல் கூடலாம். இதுவரை வேலை செய்த தந்திரம் ஏன் பலிக்கவில்லை என்று குட்டி இன்னும் பலமாக முயன்று பார்க்கிறது. பல பேர் சரியாக அந்த நாளில்தான் கைவிடுகிறார்கள்.

"வலித்தால் குட்டி மாதிரி 'கீச்' என்று கத்துங்கள்" என்ற யோசனையும் உங்களுக்கு வந்திருக்கும். இதில் நான் உறுதியாகப் பேச மாட்டேன். சில குட்டிகள் கத்தியதும் திடுக்கிட்டு விட்டுவிடும். சில, முக்கியமாகத் துடிப்பான லாப்ரடார்களும் ஷெப்பர்டுகளும், சத்தம் கேட்டதும் இரட்டிப்பு உற்சாகத்தில் பாயும். இரண்டு மூன்று தடவை செய்து பாருங்கள், கூடினால் அந்தப் பக்கமே போகாதீர்கள். அதேபோல, முதலில் பலமான கடியை மட்டும் தடுத்து, பிறகு நடுத்தரக் கடி, கடைசியில் பல்லே படாமல் என்று படிப்படியாகக் குறைக்க வேண்டும் என்பது கால்நடை மருத்துவரும் நாய்ப் பயிற்சியாளருமான இயான் டன்பார் பரப்பிய முறை. ஆரம்பத்திலிருந்தே பல் படக் கூடாது என்போரும் இருக்கிறார்கள். எது மேல் என்பதில் பயிற்சியாளர்களுக்குள்ளேயே ஒருமித்த முடிவு இல்லை. உங்கள் வீட்டில் சிறு பையன் இருப்பதால், தோலில் பல் பட்டால் விளையாட்டு நிற்கும் என்ற ஒரே விதியைத்தான் நான் தேர்ந்தெடுப்பேன். பாட்டி முதல் பையன் வரை எல்லாரும் பின்பற்றக்கூடியது அதுதான்.

துணியைப் பிடித்துத் தொங்குவதற்குத் தனியாக ஒரு வழி. குட்டி லுங்கியைக் கவ்வியதும் நீங்கள் நடந்தால் அது கயிறிழுக்கும் போட்டி ஆகிவிடுகிறது. நின்றுவிடுங்கள். பையிலிருந்து நாலைந்து தீனி உருண்டையைத் தரையில் சிதறவிடுங்கள். மூக்கு கீழே போனதும் நகருங்கள். இது அந்த நேரத்துக்குத் தப்பிக்கும் வழி மட்டுமே. நிஜப் பயிற்சி, கவ்வாமல் கூடவே நாலு எட்டு வரும்போது காலருகே ஒரு உருண்டை போடுவதில் இருக்கிறது. கொஞ்ச நாளைக்கு லுங்கியை மடித்துக் கட்டுங்கள், துப்பட்டாவையும் முந்தானையையும் செருகிக்கொள்ளுங்கள். தினம் இருபது தடவை பழகிப்போன காரியத்தை மறக்கடிப்பது கடினம்.

மாலை ஏழு மணிக்கு மேல் வீட்டைச் சுற்றிச் சுற்றி ஓடி எதிர்ப்பட்டதையெல்லாம் கடிக்கிறதா? அதைச் சக்தி மிச்சம் இருக்கிறது என்று எடுத்துக்கொண்டு இன்னும் விளையாட வைப்பார்கள். பெரும்பாலும் அது தூக்கம் போதாத குட்டி. இந்த வயதில் ஒரு நாளைக்குப் பதினெட்டு முதல் இருபது மணி நேரம் தூங்க வேண்டும். ஆட்கள் நடமாடும் ஹாலில் குட்டி அவ்வளவு தூங்காது. ஒரு மணி நேரம் விழிப்பு, பிறகு மின்விசிறிக்குக் கீழே, இருட்டான மூலையில், தடுப்புக்குள் தூக்கம் என்று வைத்துப் பாருங்கள். இது அனுபவக் கணக்குதான், கடிகாரம் பார்த்து நடத்த வேண்டியதில்லை. உள்ளே போகும்போது கடிக்க ஏதாவது கொடுங்கள். நனைத்து முறுக்கி ஃபிரீசரில் வைத்த துணி, தீனியை ஊறவைத்து அடைத்து உறையவைத்த ரப்பர் பொம்மை, பக்கத்தில் ஆள் இருந்தால் ஒரு முழுக் கேரட். வேகவைத்த கோழி எலும்பு வேண்டாம், சிம்பு சிம்பாக உடைந்து குத்தும். பழைய செருப்பும் வேண்டாம், புதுச் செருப்புக்கும் அதற்கும் குட்டிக்கு வித்தியாசம் தெரியாது. கடிப்பது கால்சியம் குறைவால் என்று யாராவது டானிக் வாங்கச் சொன்னால் கேட்காதீர்கள். குட்டிகளுக்கான தரமான தீனி சாப்பிடும் லாப்ரடார் போன்ற பெரிய இனக் குட்டிக்கு மேற்கொண்டு கால்சியம் கொடுப்பது எலும்பு வளர்ச்சியைக் கெடுக்கும்.

இப்போது தொட்டால் கடிப்பது. இங்கேதான் மேலே சொன்ன வைத்தியம் எதிராகத் திரும்பும். விளையாட்டில் குட்டி கடிப்பது நீங்கள் கூட இருக்க வேண்டும் என்பதற்காக, அதனால் விலகிப் போவது பாடமாகிறது. காதைத் தூக்கும்போது கடிப்பது கை விலக வேண்டும் என்பதற்காக. அங்கே நீங்கள் எழுந்து போனால், கடித்தால் கை போய்விடும் என்று நீங்களே சொல்லிக்கொடுத்ததாக ஆகிவிடும். சரி, விடாமல் அமுக்கிப் பிடித்து முடித்துவிடலாம் என்றால், கை பயங்கரமானது என்பது உறுதியாகிவிடும். இரண்டுமே தோல்விதான். கடிக்கத் தோன்றும் எல்லைக்கே போகாமல், அதற்குக் கீழே இருந்து தொடங்குவதுதான் வழி.

உப்பு, மசாலா இல்லாமல் வேகவைத்த கோழியைப் பொட்டுக்கடலை அளவுக்குப் பிய்த்துக்கொள்ளுங்கள். குட்டி தூங்கி எழுந்து, ஒன்றுக்குப் போய்விட்டு வந்து நிதானமாக இருக்கும் நேரம் நல்லது. ஒரு கையால் தோளை ஒரு விநாடி தொடுங்கள். கையை எடுத்த பிறகு, மற்றக் கையால் ஒரு துண்டு கொடுங்கள். தொடுதல் முதலில், தீனி பிறகு, இந்த வரிசை மாறக் கூடாது. தீனியைக் காட்டி வரவழைத்துவிட்டுப் பிடித்தால், நாலு நாளில் தீனியைக் கண்டாலே குட்டி சந்தேகப்படும். பத்துத் தடவை, இரண்டு நிமிடத்துக்குள், நிறுத்திவிடுங்கள். ஒரு நாளில் மூன்று நான்கு முறை போதும். தொட்டவுடன் குட்டி தீனிக் கையைத் திரும்பிப் பார்க்கிறது பாருங்கள், அதுதான் அடுத்த படிக்குப் போகலாம் என்ற அனுமதி. தோளிலிருந்து முதுகு, கழுத்து பெல்ட்டை விரலால் தொடுவது, பெல்ட்டைப் பிடிப்பது, காதின் வெளிப்புறம், காது மடலைத் தூக்குவது, முன்னங்காலின் மேல்பகுதி, பாதம், ஒற்றை நகம், உதட்டைத் தூக்கிப் பல் பார்ப்பது என்று போகலாம். பாதமும் காதும் பல குட்டிகளுக்குக் கடைசிவரை கூச்சமான இடங்கள், அங்கே ஒரே படியில் மூன்று நாள் நின்றாலும் பரவாயில்லை. சீப்பு, நகவெட்டி, பஞ்சு எல்லாவற்றையும் தனித்தனியாக அறிமுகப்படுத்துங்கள். முதலில் தரையில் சும்மா கிடக்கட்டும், பிறகு உடம்பில் மெல்லப் படட்டும், பிறகுதான் ஒரே ஒரு இழுப்பு.

உதட்டை நக்குவது, முகத்தைத் திருப்பிக்கொள்வது, உடம்பு விறைப்பது, வாயைக் கையின் பக்கம் கொண்டுவருவது இவையெல்லாம் "போதும்" என்று குட்டி சொல்வது. அங்கேயே நிறுத்தி இரண்டு படி கீழே போங்கள். கவனிக்கத் தவறி, பல் கையில் பட்டேவிட்டால், இழுக்காமலும் அழுத்தாமலும் கையை நிறுத்துங்கள். குட்டி ஒரு நொடி தளரும்போது அமைதியாகக் கையை எடுத்துக்கொள்ளுங்கள், அடுத்த முறை மிக எளிதான இடத்திலிருந்து தொடங்குங்கள். பயிற்சி முடியும்வரை உண்ணி காத்திருக்காதே என்பீர்கள், நியாயம்தான். அவசரமென்றால் எவர்சில்வர் தட்டில் கொஞ்சம் கெட்டித் தயிரைத் தடவி ஒருவர் நக்கக் கொடுக்க, இன்னொருவர் ஐந்து விநாடியில் ஒரு உண்ணியை எடுக்கட்டும். அதற்கும் இடம் தராவிட்டால் கால்நடை மருத்துவரிடமே போங்கள், வீட்டில் மல்லுக்கட்டி நாலு நாள் பயிற்சியைக் கெடுக்காதீர்கள்.

காதைத் தொட்டால் மட்டும் கடிக்கிறது என்றால் எனக்கு முதல் சந்தேகம் வலி. மடல் தொங்கும் காதுள்ள லாப்ரடாருக்கு, அதுவும் நம் ஊர்ப் புழுக்கத்தில், காதுத் தொற்று சாதாரணம். நாற்றம், பழுப்பு அழுக்கு, அடிக்கடி தலையை உதறுவது, காதைச் சொறிவது இருக்கிறதா என்று பாருங்கள். வலி இருக்கும்போது பயிற்சி பலிக்காது, முதலில் மருந்து. தூக்குவதிலும் கவனம் வேண்டும். அக்குளில் கைகொடுத்துத் தொங்கவிட்டால் கடிக்கத்தான் செய்யும். ஒரு கை மார்புக்கு அடியில், ஒரு கை பின்பக்கத்துக்கு அடியில் வைத்து உடம்போடு சேர்த்துத் தூக்குங்கள். பையன் தூக்கவே வேண்டாம்.

அவனுக்குச் சொல்லித்தர வேண்டியது ஒரே ஒரு காரியம்: குட்டி பாய்ந்தால் ஓடாமல், கத்தாமல், கையைக் கட்டிக்கொண்டு, தரையைப் பார்த்து நிற்பது. ஓடினால் குட்டி துரத்தும், அது ஓட்டப்பந்தயம் ஆகிவிடும். குட்டி இல்லாத நேரத்தில் நாலைந்து தடவை நின்று பழகட்டும். அவனுக்கென்று விளையாட்டும் கொடுங்கள். தடுப்புக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டு தீனி உருண்டைகளை ஒவ்வொன்றாக வராந்தாவில் உருட்டிவிடுவது, ஆறடிக் கயிற்றின் நுனியில் பொம்மையைக் கட்டி இழுப்பது. பெரியவர் ஒருவர் அறையில் இருக்க வேண்டும், செல்போனில் மூழ்கியவர் கணக்கில் வரமாட்டார்.

நீங்கள் கேட்காத ஒன்று, ஆனால் சொல்லாமல் விட முடியாதது. குட்டிக்கு முதல் ரேபிஸ் தடுப்பூசி மூன்று மாதத்தில்தான் போடுவார்கள், அதனால் உங்கள் குட்டிக்கு இன்னும் பாதுகாப்பு இல்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்குட்டி, சின்னப் பல், ரத்தம் வரவில்லை என்று விடக் கூடாது. லேசான கீறலுக்கும் மனிதர்களுக்குத் தடுப்பூசி உண்டு, ரத்தம் வந்த கடிக்கு அதோடு ரேபிஸ் கிருமியை உடனே எதிர்க்கும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். பட்ட இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள் எதுவும் வைக்காதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்திலும் அரசு மருத்துவமனையிலும் தடுப்பூசி இலவசம். அங்கே பொதுவாகத் தோலுக்குள் போடும் ஊசிக்குக் கணக்கு 0, 3, 7, 28-ம் நாட்கள். குட்டி பத்து நாள் நன்றாக இருக்கிறதா பார்ப்போம் என்று காத்திருக்காமல், தொடங்கிவிட்டுப் பாருங்கள். இதுவரை பட்ட கீறல்களைப் பற்றியும் நாளைக்கே ஒரு மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள். இந்த விஷயத்தில் முடிவு அவருடையது, நாய்ப் பயிற்சியாளருடையது அல்ல.

எப்போது நிற்கும்? வீட்டில் எல்லாரும் ஒரே மாதிரி நடந்துகொண்டால் விளையாட்டுக் கடியில் இரண்டு மூன்று வாரத்தில் வித்தியாசம் தெரிய வேண்டும். முழுதாக நிற்பது பல் மாறி முடியும்போது. நான்காவது மாத வாக்கில் முன்பற்கள் விழ ஆரம்பிக்கும், ஆறேழு மாதத்துக்குள் 42 நிரந்தரப் பற்களும் வந்துவிடும். நடுவில் ஈறு அரிப்பில் ஒருமுறை கடி திரும்பக் கூடும், பயிற்சி வீணாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். தரையில் பல் கிடந்தாலோ கடித்த துணியில் ஒரு சொட்டு ரத்தம் தெரிந்தாலோ பயப்பட வேண்டாம். புதுக் கோரைப்பல் முளைத்த பிறகும் பழையது பக்கத்திலேயே நின்றால் மட்டும் மருத்துவரிடம் காட்டுங்கள். ஐந்து மாதம் தாண்டியும் கடியின் பலம் குறையவில்லை, தூங்கும்போது தொட்டால் பாய்கிறது, தட்டருகே உறைந்து உறுமுகிறது, நேற்றுவரை சும்மா இருந்த இடத்தைத் தொட்டால் இன்று கடிக்கிறது என்றால், முதலில் உடம்பில் வலி இருக்கிறதா என்று கால்நடை மருத்துவர் பார்க்கட்டும். சென்னையென்றால் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. அதன் பிறகு பயிற்சியாளரைத் தேடுங்கள். பணம் கட்டுமுன் அவரிடம், "குட்டி உங்களைக் கடித்தால் என்ன செய்வீர்கள்?" என்று கேளுங்கள். செயினைச் சுண்டி இழுப்பேன், புரட்டிப் போடுவேன் என்று சொன்னால் வேறு ஆளைப் பாருங்கள்.